சீலோவாம் கோபுரமும் உள்ளூர்ப் பக்கமும்

அன்புள்ள ஐயா,

நாளிதழைப் பார்த்துவிட்டுத்தான் காலையில் அடுப்படிக்குப் போகிறேன். விருதுநகர்ப் பக்கம் பட்டாசு ஆலை வெடிவிபத்து என்று வந்தால் அன்று முழுக்க மனசு ஓடுவதில்லை. எங்கள் அன்பியக் கூட்டத்தில் (பங்கில் பக்கத்து வீட்டுக்காரர்கள் கூடிச் செபிக்கும் குழு) ஒருவர் இதெல்லாம் கடைசிக் காலத்தின் அடையாளம் என்கிறார், இன்னொருவர் கடவுள் சித்தம் என்கிறார். எனக்கு இரண்டும் ஒட்டவில்லை. செய்தியிலும் அன்றாட வேலையிலும் கடவுள் பேசுவதை எப்படிக் கேட்பது? நோட்டில் எழுதி வைக்க வேண்டுமா?

ஒரு வாசகி, தூத்துக்குடி

அன்புள்ள சகோதரி,

இயேசுவிடமே உள்ளூர்ச் செய்தி கொண்டுவந்திருக்கிறார்கள். லூக்கா 13:1-5 பாருங்கள். பலி செலுத்த வந்த கலிலேயரை உரோமை ஆளுநர் பிலாத்து கொன்றான் என்பது வந்தவர்கள் சொன்ன செய்தி. சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்ததை இயேசுவே சேர்த்துக்கொள்கிறார். ஒன்று ஆளுநர் செய்த கொலை, மற்றது விபத்து. செத்தவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா என்ற கேள்வியை இரண்டிலும் ஒரே 'இல்லை'யில் மூடிவிட்டு, கேட்டுக்கொண்டிருந்தவர்கள் பக்கம் திரும்புகிறார். மனம் மாறாவிட்டால் நீங்களும் அப்படியே அழிவீர்கள் என்பது மிரட்டல்போலத்தான் கேட்கும். ஆனால் அதை ஒட்டியே அத்திமர உவமை வருகிறது: மூன்று ஆண்டாகக் கனி காணாத மரத்துக்கு இன்னும் ஓராண்டு தவணை, சுற்றிலும் கொத்தி எருப்போட ஒரு தோட்டக்காரர். செய்தியைப் படிக்க உயிரோடு இருப்பவர் அந்தத் தவணைக்குள் இருக்கிறார்.

அன்பியத்தில் கேட்ட இரண்டு விளக்கத்தையும் ஒரு கேள்வியால் சோதியுங்கள்: இதைச் செத்தவருடைய வீட்டு வாசலில் நின்று சொல்ல முடியுமா? முடியாதென்றால் அந்த விளக்கத்தை விட்டுவிடலாம். 'கடவுள் சித்தம்' என்பதில் இன்னொரு கேடும் உண்டு. வெடிமருந்துக் கலவையில் உராய்வு, ஓர் அறையில் அனுமதித்ததைவிடக் கூடுதல் ஆட்கள், உரிமத்தை உள்குத்தகைக்கு விட்டது என்று பட்டாசு விபத்துச் செய்திகளில் திரும்பத் திரும்பக் காரணங்கள் வருகின்றன. இவற்றின்மேல் சித்தத்தைப் போட்டு மூடினால், கடவுள் பெயரால் முதலாளியைக் காப்பாற்றியதாகிவிடும்.

ஒரு நாளைக்கு ஒரே ஒரு செய்தி போதும், அதுவும் உள்ளூர்ப் பக்கத்திலிருந்து. பத்துச் செய்திக்கு வருந்துகிறவருக்கு எதிலும் கை வைக்க முடியாது. இரண்டு தடவை படியுங்கள். முதல் தடவை இடம், வயது, வேலை, நேரம், காரணம் மட்டும். இரண்டாம் தடவை அதில் இல்லாதவரைத் தேடுங்கள்: பெயர் போடாமல் எண்ணிக்கையாகிப் போனவர்கள், சம்பளக்காரர் போன வீட்டில் இனி உலை வைக்கப்போகிறவர். வசனம் கடைசியில்தான் வரவேண்டும். பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். வசனத்தை முதலில் பிடித்துக்கொண்டால் செய்தி அதற்கு ஓர் உதாரணமாகச் சுருங்கி, செத்தவர் நம் பிரசங்கத்துக்குத் துணைப்பாத்திரம் ஆகிவிடுவார். பொருத்தமான வசனம் வரவில்லையா, அப்படியே விடுங்கள்.

பிறகு, இதில் என் பங்கு என்ன என்று கேளுங்கள். பட்டாசு தீபாவளியோடு முடிவதில்லை. கிறிஸ்துமஸுக்கு வெடிக்கிறோம், பங்குத் திருவிழாவுக்கு வாணவேடிக்கை வைக்கிறோம். விழாக் குழுவில் அந்தச் செலவு எவ்வளவு, உரிமம் உள்ள கடையில் ரசீதோடு வாங்குகிறார்களா, குறைத்துக்கொண்டால் என்ன என்று கேட்கலாம். சங்கடமான கேள்விதான். கண்ணீர் வந்ததாலேயே செபித்தாயிற்று என்று எண்ணிவிடுவதைவிட இது மேல்.

வழிபாட்டிலேயே உள்ளூர்ச் செய்திக்கு இடம் உண்டு. திருப்பலியின் விசுவாசிகள் மன்றாட்டுக்குத் திருச்சபை வைத்திருக்கும் வரிசை இது: திருச்சபை, நாட்டை ஆள்வோரும் உலகின் மீட்பும், துன்பத்தில் வாடுவோர், உள்ளூர்ச் சமூகம். நடைமுறையில் அச்சிட்ட புத்தகத்தைப் பார்த்து வாசித்துவிடுவதால் நான்காவது வெறும் சடங்காகிறது. பங்குத்தந்தையிடம் முன்பே சொல்லி, ஊர்ப் பெயரும் தொழிலும் வருகிறமாதிரி இரண்டே வரியில் எழுதிக் கொடுங்கள். மன்றாட்டுக்குள் விளக்கமோ அறிவுரையோ வேண்டாம்.

அன்றாட வேலைக்கும் இதே கண்தான். மத்தேயு 20-இல் வரும் உவமையில் திராட்சைத் தோட்ட முதலாளி வேலையாள் தேடி மாலை ஐந்து மணிவாக்கிலும் சந்தைவெளிக்குப் போகிறார். எங்களை யாரும் வேலைக்கு எடுக்கவில்லை என்கிறார்கள் அங்கே நிற்பவர்கள். கொத்தனாரும் சித்தாளும் காலையில் கூடும் முக்கில், ஒன்பது மணிக்கு மேலும் யார் மிச்சம் நிற்கிறார்கள் என்று பார்த்தால் உவமை உங்கள் தெருவுக்கே வந்துவிடும்.

இரவில் கால் மணி நேரம் ஆன்ம சோதனைக்கு ஒதுக்குங்கள். இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் வகுத்தது ஐந்து படி: நன்றி சொல்வது, பாவத்தை அறிய அருள் கேட்பது, எழுந்ததிலிருந்து மணிக்கு மணி நாளைத் திரும்பப் பார்ப்பது, மன்னிப்புக் கேட்பது, திருந்த உறுதி எடுப்பது, முடிவில் ஒரு பரலோக மந்திரம். காலையில் படித்த செய்தி மூன்றாம் படியில் வரும். அதைப் படித்தபின் யாரிடம் எப்படி நடந்துகொண்டீர்கள் என்று மட்டும் பாருங்கள். உங்கள் கடற்கரையான முத்துக்குளித்துறைக்கு 1542-இல் வந்த சவேரியார் இஞ்ஞாசியாருடைய முதல் தோழர்களில் ஒருவர் என்பதால், உங்கள் ஊருக்கு இந்த முறை அந்நியமல்ல. இஞ்ஞாசியாரின் இன்னொரு விதியும் உங்களுக்கு உதவும்: மனம் இருண்டு கிடக்கும்போது, முன்பு எடுத்த முடிவை மாற்றாதே. கோரமான செய்தி படித்த அன்றைக்குப் புதிய நேர்ச்சை எதுவும் செய்யாதீர்கள். செபத்தை அன்று குறைக்கவும் வேண்டாம், கொஞ்சம் கூட்டுங்கள்.

நோட்டு வேண்டும், ஆனால் பக்கம் பக்கமாக வேண்டாம். ஒரே குறையைப் பிடித்துக்கொண்டு, நாளுக்கு இரண்டு கோடு போடச் சொல்கிறார் இஞ்ஞாசியார். மேல்கோடு மதியத்துக்கு, கீழ்க்கோடு இரவுக்கு. தவறிய ஒவ்வொரு தடவைக்கும் ஒரு புள்ளி. மேலுக்கும் கீழுக்கும், நேற்றுக்கும் இன்றைக்கும், போன வாரத்துக்கும் இந்த வாரத்துக்கும் புள்ளி குறைந்திருக்கிறதா என்று ஒப்பிட்டால் போதும். செய்திக்குத் தனிப் பக்கம் வைப்பதானால் தேதி, ஊர், நீங்கள் செய்த ஒரு காரியம் என்று ஒரு வரி. ஒன்றும் செய்யாத நாளில் அந்த இடத்தை வெற்றாக விடுங்கள்.