வயலை விற்க வேண்டாம், பிள்ளையைக் கணிதம் படிக்க விடுங்கள்

போன கிழமை உருத்திரபுரத்திலிருந்து ஒரு குடும்பம் என்னைத் தேடி வந்தது. தகப்பன், தாய், மகள். மகள் உயர்தரத்தில் கணிதப் பிரிவு. இரண்டாந்தரம் எழுதிய பெறுபேறு வந்திருக்கிறது. பொறியியலுக்கு இசட் புள்ளி கொஞ்சம் காணாது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தில் பௌதிக விஞ்ஞானம் கிடைத்திருக்கிறது. கதிரையில் இருந்த உடனேயே தகப்பன் கேட்டார்: "சேர், இதை விட்டுப்போட்டு மூண்டாந்தரம் எழுதட்டோ, இல்லாட்டி கொழும்பில காசு கட்டி எஞ்சினியரிங் படிப்பிக்கட்டோ?"

கனடாவில் தாய்மாமன் இருக்கிறார். பாதிச் செலவை அவர் தருவாராம். மற்றப் பாதிக்கு இரணைமடுத் தண்ணீர் பாயும் இரண்டு ஏக்கர் வயலை விற்கலாம் என்று பேச்சு. பொறியியல் பீடம் ஊருக்குப் பக்கத்தில் அறிவியல் நகரில் இருந்தும் எங்கள் பிள்ளை அங்கே போகவில்லையே என்ற மனவருத்தம் தகப்பனுக்கு. சொந்தக்காரர் வீட்டுக் கலியாணத்துக்குப் போனால் முதல் கேள்வியே அதுதானாம்.

முதல் ஐந்து நிமிடம் நானும் ஆறுதல்தான் சொன்னேன். அப்புறம் மகளின் மடியில் இருந்த கொப்பியைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அதன் பிறகு ஆறுதல் சொல்ல மனம் வரவில்லை.

கொப்பியின் பின்பக்கத்தில் பதினொரு பக்கங்களுக்குத் தாயங்கள், அதாவது எண்களை நிரையும் நிரலுமாக அடுக்கிய மேட்ரிக்ஸ். பரீட்சைக் கேள்விகள் இல்லை. இரண்டு தாயங்களை ஒரு வரிசையில் பெருக்கினால் ஒரு விடை, வரிசையை மாற்றினால் வேறு விடை என்று இணைந்த கணிதத்தில் படித்திருக்கிறாள். அப்படியென்றால் எந்தத் தாயங்களுக்கு வரிசை மாறினாலும் விடை மாறாது என்று யாரும் கேட்காமலே தேடியிருக்கிறாள். இரண்டுக்கு இரண்டு தாயம் ஒன்றை எடுத்து, அதோடு ஒத்துப்போகும் எல்லாத் தாயங்களையும் கண்டுபிடிக்கப் பார்த்திருக்கிறாள். ஒவ்வொரு முறையும் விடை ஒரே மாதிரி வந்திருக்கிறது: அந்தத் தாயத்தின் ஒரு மடங்கும், எதோடு பெருக்கினாலும் அதை மாற்றாத அலகுத் தாயத்தின் ஒரு மடங்கும் சேர்ந்தது. பதினோராம் பக்கத்தில், எடுத்த தாயமே அலகுத் தாயத்தின் மடங்காக இருந்தால் மட்டும் எல்லாமே ஒத்துப்போகும் என்று சின்ன எழுத்தில் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறாள்.

"ஏன் பிள்ளை இதைச் செய்தனீர்?" என்றேன். "தெரியேல்ல சேர். விடேலாமல் இருந்திச்சு" என்றாள். இயந்திரங்கள் விருப்பமா என்று கேட்டேன். தகப்பனை ஒருமுறை பார்த்துவிட்டு, இல்லை என்று தலையாட்டினாள்.

ஐயா, இனி உங்களுக்கு நேரே சொல்கிறேன். மூன்றாந்தரம் எழுத வைக்காதீர்கள். கையில் இருக்கும் அனுமதியைத் தட்டிவிட்டு ஒரு முழு வருடத்தை ரியூசன் கொட்டிலில் கழிக்க இந்தப் பிள்ளைக்கு ஒரு தேவையும் இல்லை. வயலை விற்றுக் காசு கட்டுவது அதைவிட மோசம். அந்த வயல் காலபோகத்துக்குக் காலபோகம் உங்களுக்குச் சோறு போடுகிறது. பிள்ளைக்கு விருப்பமில்லாத ஒரு படிப்புக்காக அது போனால் திரும்பி வராது. நடுவில் மாமாவால் காசு அனுப்ப முடியாமல் போனால் படிப்பும் அந்தரத்தில் நிற்கும். இரண்டாம் வருடத்தில் கட்டணம் கட்ட வழியில்லாமல் திரும்பி வந்த பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். அந்த வீடுகளில் கடன் இன்னும் இருக்கிறது.

மருத்துவம், பொறியியல், கணக்கியல், தகவல் தொழில்நுட்பம் பற்றி உங்களுக்குச் சொல்ல ஊரில் நூறு பேர் இருக்கிறார்கள். நான் அவற்றை விடுகிறேன். இந்தப் பிள்ளையின் கொப்பி காட்டும் வழியைப் பற்றி யாரும் சொல்லமாட்டார்கள். அதனால் அதைத்தான் விரிவாகச் சொல்லப்போகிறேன்.

அவள் கேட்ட கேள்வி, ஒரு பெரிய துறையின் வாசற்கதவு. குவாண்டம் பௌதிகத்தில் அளக்கக்கூடிய ஒவ்வொன்றும், சக்தியோ உந்தமோ, ஒரு தாயம் மாதிரித்தான் எழுதப்படும். சக்தியின் தாயத்தோடு வரிசை மாற்றிப் பெருக்கினாலும் ஒத்துப்போகும் கணியம், காலம் போனாலும் மாறாது. சாதாரணமான தொகுதிகளில் அப்படி மாறாத கணியங்கள் ஒரு சில மட்டும். சில அபூர்வமான தொகுதிகளில் தமக்குள்ளும் ஒத்துப்போகும் ஒரு முழுக் குடும்பமே கிடைக்கும். அவற்றைத்தான் தொகையிடத்தக்க குவாண்டம் தொகுதிகள் என்கிறார்கள். அண்ணளவு இல்லாமல் திருத்தமான விடை காணக்கூடியவை அவை.

இதன் பெறுமதி ஒரு கணக்கில் விளங்கும். மேலே அல்லது கீழே பார்க்கும் சின்னச் சின்னக் காந்தங்களைச் சங்கிலியாக அடுக்குங்கள். 10 காந்தம் என்றால் 1,024 நிலைகள். 20 என்றால் 10,48,576. சக்தியைக் காண, அத்தனை நிரையும் அத்தனை நிரலும் உள்ள ஒரு தாயத்தோடு மல்லுக்கட்ட வேண்டும். ஹான்ஸ் பெத்தே என்ற இளைஞர் 1931இல் இதற்கு ஒரு குறுக்கு வழி கண்டார். கீழே திரும்பிய காந்தங்கள் சங்கிலியில் அலைகளாக ஓடுகின்றன, ஒன்றையொன்று கடக்கும்போது உந்தங்களைத் தமக்குள் பரிமாறிக்கொண்டு அலை சற்றுப் பெயர்வதைத் தவிர வேறொன்றும் நடப்பதில்லை என்று வைத்துக்கொண்டு விடையின் வடிவத்தை எழுதினார். அது சரியாகவே வந்தது. 20 காந்தத்தில் 10 கீழே திரும்பியிருந்தால், பத்து இலட்சம் நிரைகளுக்குப் பதில் 10 சமன்பாடு, 10 தெரியாக் கணியம். அவ்வளவுதான்.

அது ஏன் சரிவந்தது என்று விளங்கப் பல பத்தாண்டுகள் எடுத்தன. இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது தகப்பனின் முகத்தில் பிடிபடாத களை தெரிந்தது. எழும்பிப் போய், கதவுக்குப் பின்னால் இருந்த விளக்குமாற்றிலிருந்து மூன்று ஈர்க்கு உருவி வந்தேன்.

இரண்டு ஈர்க்கை மேசையில் குறுக்காக வைத்தேன். மூன்றாவதை அவை வெட்டும் இடத்துக்கு இடப்பக்கமாக, இரண்டையும் வெட்டும்படி வைத்தேன். நடுவில் ஒரு சின்ன முக்கோணம். பிறகு மூன்றாவது ஈர்க்கை மெல்ல வலப்பக்கம் நகர்த்தினேன். முக்கோணம் சுருங்கிச் சுருங்கி மறைந்து, மறுபக்கத்தில் தலைகீழாகப் பிறந்தது. ஒவ்வொரு ஈர்க்கும் ஒரு துணிக்கை, ஒவ்வொரு வெட்டும் ஒரு மோதல். எந்த மோதல் முந்தி, எந்த மோதல் பிந்தி என்ற வரிசை மாறிவிட்டது. ஆனாலும் கடைசி விடை ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று கேட்பதுதான் யாங்-பாக்ஸ்டர் சமன்பாடு. 1967இல் யாங்கும், 1970களின் தொடக்கத்தில் அவுஸ்திரேலியாவில் பாக்ஸ்டரும், வேறு வேறு கணக்குகளைச் செய்துகொண்டிருந்தபோது இந்த ஒரே சமன்பாட்டில் வந்து நின்றார்கள்.

மகள் மூன்றாவது ஈர்க்கைத் தானே பிடித்து முன்னும் பின்னும் நகர்த்தினாள். "அப்ப இது தாயப் பெருக்கல் சேர். மூண்டு தாயம் இந்தப் பக்கம், மூண்டு அந்தப் பக்கம், வரிசை மட்டும் மாறி" என்றாள். அதுதான். புத்தகத்தில் அப்படியேதான் எழுதியிருக்கும். முப்பது வருடமாகப் பிள்ளைகளோடு இருக்கிறேன், ஈர்க்கைப் பார்த்து அதைச் சொன்ன பிள்ளையை இப்போதுதான் கண்டேன்.

1970களின் கடைசியில் லெனின்கிராட்டில் ஃபடேயெவும் அவருடைய மாணவர்களும் இதை முழு அட்சரகணிதமாக்கினார்கள். எல்லாக் காந்தமும் மேலே பார்க்கும் நிலையிலிருந்து தொடங்குவார்கள். ஒன்றைக் கீழே திருப்பும் ஒரு செய்கருவியை (அதுவும் ஒரு தாயம் மாதிரித்தான்) அதன்மேல் மீண்டும் மீண்டும் பிரயோகிப்பார்கள். செய்கருவிகளின் வரிசையை மாற்றும் விதியை யாங்-பாக்ஸ்டர் சமன்பாடு தந்துவிடும். அந்த விதியை மட்டும் வைத்து நகர்த்திக்கொண்டு போனால், மிஞ்சி நிற்பது பெத்தேயின் பழைய சமன்பாடுகள்! 1985 அளவில் டிரின்ஃபெல்டும் ஜிம்போவும் இதற்குள்ளிருந்து குவாண்டம் குலங்கள் என்ற புதிய அட்சரகணிதத்தை எடுத்தார்கள். 1990இல் டிரின்ஃபெல்டுக்குக் கிடைத்த, கணிதத்தின் மிகப் பெரிய விருதுகளில் ஒன்றான ஃபீல்ட்ஸ் பதக்கத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

இது கடதாசியோடு நிற்கும் விளையாட்டு இல்லை. 2006இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ருபிடியம் அணுக்களை ஒடுங்கிய குழாய்களில் அடைத்து மோதவிட்டார்கள். ஆயிரக்கணக்கான மோதல்களுக்குப் பிறகும் அவை சாதாரண வாயு போல வெப்பச் சமநிலைக்கு வரவில்லை. அந்த அணுக்களை விவரிக்கும் மாதிரியை லீப், லினிகர் இருவரும் 1963இலேயே பெத்தேயின் முறையால் தீர்த்து வைத்திருந்தார்கள்.

சரி, உருத்திரபுரத்துப் பிள்ளை அங்கே எப்படிப் போவது?

முதல் படி உங்கள் கையிலேயே இருக்கிறது. விஞ்ஞான பீடத்தில் பதியுங்கள். கல்விக் கட்டணம் இல்லை. தகுதி இருந்தால் மகாபொல புலமைப்பரிசில் கிடைக்கும். கணிதத்தோடு பௌதிகவியலையும் விடாமல் எடுக்க வேண்டும். இந்தத் துறைக்கு இரண்டு காலும் வேண்டும். தொடக்க ஆண்டுகளின் பெறுபேறுகளைப் பார்த்தே நான்கு வருடச் சிறப்புப் பட்டத்துக்கு எடுப்பார்கள். அதனால் முதல் நாளிலிருந்தே படிக்க வேண்டும். ஏகபரிமாண அட்சரகணிதம், குலக் கோட்பாடு, குவாண்டம் பொறிமுறை, புள்ளிவிபரப் பௌதிகம் ஆகிய நான்கும் கைவந்தால், ஃபடேயெவ் 1990களில் கொடுத்த விரிவுரைகளை அவளே வாசிக்கலாம். ஆராய்ச்சிக் கட்டுரைகளைச் சேர்த்து வைக்கும் ஆர்கைவ் இணையத்தளத்தில் காசில்லாமல் கிடைக்கும்.

அடுத்த படிதான் நம்மவர்கள் கவனிக்காதது. இத்தாலியில் திரியெஸ்தே என்ற கடற்கரை நகரத்தில் சர்வதேசக் கோட்பாட்டுப் பௌதிக மையம் இருக்கிறது. பாகிஸ்தானின் ஜங் என்ற சிறு பட்டினத்திலிருந்து போய்ப் பின்னாளில் நோபல் பரிசு பெற்ற அப்துஸ் சலாம் 1964இல் தொடங்கியது. வளர்ந்துவரும் நாடுகளின் பிள்ளைகள் நல்ல நூலகமும் கூட்டாளிகளும் இல்லாமல் தனித்துப் போய்விடக் கூடாது என்பதற்காகவே தொடங்கினார். அங்கே பட்டம் முடித்தவர்களுக்கு ஒரு வருட டிப்ளோமா இருக்கிறது. கணிதத்துக்கு ஒரு பிரிவு, பௌதிகத்தில் பல பிரிவுகள். கல்விக் கட்டணம் இல்லை, வாழ்க்கைச் செலவுக்கு உதவித்தொகையும் தருவார்கள். எடுப்பது கொஞ்சப் பேரைத்தான். ஆனால் வடிகட்டுவது பெறுபேறும் பேராசிரியர்களின் பரிந்துரைக் கடிதமும்தான், தகப்பனின் வங்கிக் கணக்கு இல்லை. அதே நகரத்தில் சிஸ்ஸா என்ற கலாநிதிப் பட்டக் கல்விக்கூடம் உண்டு. இந்தத் தொகையிடத்தக்க மாதிரிகளில் ஆராய்ச்சி நடக்கும் இடங்களில் அதுவும் ஒன்று. விஞ்ஞானத்தில் கலாநிதிப் படிப்புக்கு நல்ல இடங்களில் மாணவருக்குத்தான் மாதாமாதம் காசு கொடுப்பார்கள். இதை நான் சொன்னபோது தகப்பன் நம்பவில்லை. இரண்டு தடவை கேட்டார்.

பாரமானதையும் சொல்லிவிட வேண்டும். இது பத்து வருடப் பாதை. கடைசியில் நிரந்தரமான ஆராய்ச்சி வேலை எல்லோருக்கும் கிடைப்பதில்லை. அங்கே போகாவிட்டாலும் இந்தக் கணிதமும் கணினி நிரலாக்கமும் தெரிந்தவருக்குத் தரவு ஆய்விலும் நிதித் துறையிலும் இடமிருக்கிறது. "கடைசியில ரீச்சராத்தானே வருவாள்" என்று மாமா சொன்னாராம். வந்தால் என்ன? ஒழுங்கான கணித ஆசிரியர் இல்லாமல் ஒரு வகுப்பே கணிதப் பிரிவை விட்டு விலகியதை நான் வன்னியில் பார்த்திருக்கிறேன்.

ஆங்கிலத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். பீடத்தில் விரிவுரைகள் ஆங்கிலத்தில்தான். தமிழில் அழகாக விளங்கும் பிள்ளைகள் அங்கே முதல் வருடம் வாய் திறக்காமல் இருந்து பின்தங்கிவிடுகிறார்கள். பதிவுக்கும் விரிவுரைகள் தொடங்குவதற்கும் இடையில் கிடைக்கும் மாதங்களில் ஒவ்வொரு நாளும் இரண்டு மணித்தியாலம் ஆங்கிலம்.

வெளிநாட்டில் இதைப் படித்த நம்மவர் யாராவது உண்டோ என்று தகப்பன் கேட்டார். ஏ9 வீதியால் யாழ்ப்பாணம் போகும்போது நாவற்குழியைக் கடப்பீர்கள். அந்த ஊரைச் சேர்ந்த கிறிஸ்ரி ஜெயரத்தினம் எலியேசர், குவாண்டம் பொறிமுறையை உருவாக்கியவர்களில் ஒருவரான டிராக்கிடம் கேம்பிரிட்ஜில் படித்தவர். பிறகு கொழும்பில் கணிதப் பேராசிரியராக இருந்தார்.

அதுவரை தாய் ஒரு வார்த்தையும் பேசவில்லை. எழும்பும்போதுதான் சொன்னார்: "எனக்கும் கணக்கெண்டால் உயிர் சேர். 96இல இடம்பெயர்ந்ததோட நிண்டு போச்சு." மகள் தாயைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கே அது தெரியாது போல.

ஐயா, மாமாவிடம் இன்றே பேசுங்கள். உண்மையாக உதவ விருப்பமென்றால் ஒரு நல்ல மடிக்கணினியும் ஆங்கில வகுப்புக் காசும் அனுப்பச் சொல்லுங்கள், அது போதும். வயல் உறுதியைப் பெட்டிக்குள் வையுங்கள். பதிவுக் கடிதத்தில் உள்ள திகதி தவறக் கூடாது. படிவங்களை நிரப்பப் புதன்கிழமை காலை பிள்ளையைக் கூட்டி வாருங்கள், அந்தக் கொப்பியையும் கொண்டு வரட்டும். மூன்றுக்கு மூன்று தாயத்துக்கு என்ன நடக்கும் என்று கேட்டு அனுப்பியிருக்கிறேன்.