ஆஸ்திரேலியப் பழங்குடி மருத்துவ நிலையங்களில் ஓட்டு யாருக்கு?

ஆஸ்திரேலியப் பழங்குடியினர் தாங்களே நடத்தும் சமூக மருத்துவ நிலையங்களில் உறுப்பினராவது எப்படி, நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுப்பது யார், சிகிச்சைக்கு வருகிற எல்லோருக்கும் ஓட்டு உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கடைசிக் கேள்விக்கு முதலில்: கிடையாது. நோயாளி வேறு, உறுப்பினர் வேறு. உறுப்பினர் பதிவேட்டில் பெயர் இல்லாதவருக்கும் வைத்தியம் உண்டு, ஓட்டுதான் இல்லை.

1971இல் சிட்னியின் ரெட்ஃபெர்னில் முதல் நிலையம் தொடங்கியது. உள்ளூர்ப் பழங்குடி மக்கள் தேர்ந்தெடுக்கும் குழுதான் நடத்த வேண்டும் என்பது எல்லா நிலையங்களுக்கும் பொது. தேசியக் கூட்டமைப்பான நாச்சோவில் சேரவும் இது நிபந்தனை. சட்ட வடிவம்தான் மாறும். ரெட்ஃபெர்ன் ஒரு கூட்டுறவுச் சங்கம். ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் உள்ள ‘காங்கிரஸ்’ என்ற நிலையம் 2006ஆம் ஆண்டின் பழங்குடி நிறுவனச் சட்டத்தின்கீழ் இயங்குகிறது. இனி சொல்வது இந்தச் சட்டத்தின்படி.

உறுப்பினராக 15 வயது நிரம்பியிருக்க வேண்டும். வேறு தகுதிகளை (பெரும்பாலும் பழங்குடியினராகவும் அந்தப் பகுதியில் வசிப்பவராகவும் இருப்பது) அந்தந்த நிலையத்தின் விதிநூல் சொல்லும். விண்ணப்பம் எழுத்தில் தர வேண்டும், ஏற்பது இயக்குநர்கள், அதாவது நிர்வாகக் குழுவினர். தகுதி இருந்தும் மறுக்கலாம், ஆனால் காரணத்தை எழுதித் தர வேண்டும்.

சண்டை தொடங்குவது இங்கேதான். தேர்தல் நெருங்கும்போது ஒரு குடும்பம் தன் ஆட்களைக் கூட்டமாகச் சேர்க்கப் பார்க்கும். அதற்குச் சட்டத்திலேயே தடுப்பு இருக்கிறது: பொதுக்கூட்ட அறிவிப்பு போன பிறகு விண்ணப்பித்தவரின் பெயரை, கூட்டம் முடியும்வரை பதிவேட்டில் ஏற்றக் கூடாது. ஆகவே ஓட்டுப் போட நினைப்பவர் அறிவிப்புக்கு முன்பே விண்ணப்பித்துவிட வேண்டும். அறிவிப்போ 21 நாள் முன்னதாக வந்தால் போதும்.

இன்னொரு கோளாறு, பழைய பதிவேடு. இறந்தவர்கள், ஊர் மாறிப் போனவர்கள் பெயரெல்லாம் அப்படியே கிடக்கும். கோரம் (கூட்டம் செல்லக் குறைந்தது வர வேண்டியவர்களின் எண்ணிக்கை) பதிவேட்டு எண்ணிக்கையை வைத்து இருந்தால், உயிரோடு இருக்கிற அத்தனை பேரும் வந்தாலும் கோரம் சேராமல் போகலாம். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பதிவேட்டை மேசைமேல் வைத்து, வருகிறவர்களிடம் முகவரியைச் சரிபார்க்கச் சொல்வது வெறும் சடங்கு இல்லை. நிதியாண்டு ஜூன் 30இல் முடிந்தால், அந்தக் கூட்டத்தை நவம்பர் 30க்குள் நடத்தியாக வேண்டும்.

குழுவைப் பற்றி: இயக்குநர்களில் பெரும்பான்மையினர் பழங்குடியினராகவும் உறுப்பினர்களாகவும் இருக்க வேண்டும், பெரும்பான்மையினர் ஊழியர்களாக இருக்கக் கூடாது. தலைமை நிர்வாகி இயக்குநராகலாம், இயக்குநர் கூட்டத்துக்குத் தலைமை தாங்க முடியாது. நல்ல விதி இது. சம்பளம் வாங்குகிறவரே தன்னைக் கண்காணிக்கும் கூட்டத்தை நடத்தினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. விதிநூலை மாற்றச் சிறப்புத் தீர்மானம் வேண்டும், அதாவது பதிவான ஓட்டில் குறைந்தது 75 சதவீதம். இந்தச் சட்டத்தின்கீழ் நிறுவனங்களைப் பதிவு செய்து கண்காணிக்கும் பதிவாளர் அலுவலகம் பதிவு செய்த பிறகே அந்த மாற்றம் செல்லுபடியாகும்.

குழு காது கொடுக்காவிட்டால் உறுப்பினர்களே எழுத்தில் பொதுக்கூட்டம் கோரலாம். நிலைமை கைமீறினால் பதிவாளர் சிறப்பு நிர்வாகியை நியமிப்பார், அப்போது இயக்குநர்கள் பதவி இழப்பார்கள். எதற்கும் முன்னால் உங்கள் நிலையத்தின் விதிநூலைப் படியுங்கள். பதிவாளரின் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கும்.