கிளார்க் வேலை

அன்புள்ள சார்,

நான் விஸ்காம் முதலாண்டு மாணவன். தென்காசிப் பக்கம் ஒரு கிராமம். அப்பா கூட்டுறவுச் சங்கத்தில் கிளார்க். இந்த செமஸ்டரில் எங்களுக்குத் திரைப்பட, தொலைக்காட்சித் தயாரிப்பு அறிமுகம் என்று ஒரு பாடம் இருக்கிறது. எட்டுப் பேர் சேர்ந்து ஒரு குறும்படம் எடுக்க வேண்டும். டைரக்‌ஷனுக்குத்தான் பெயர் கொடுத்தேன். சீட்டுக் குலுக்கியதில் எனக்குக் கிளாப் அடிப்பதும், எந்தக் காட்சி, எத்தனையாவது டேக் என்று குறித்துவைக்கும் லாக் ஷீட் எழுதுவதும் வந்தன. இரண்டு நாள் வெயிலில் நின்று நம்பர் எழுதினேன். கேமராவைத் தொடக்கூட விடவில்லை. கிளார்க் வேலை பார்க்கவா சார் விஸ்காம் சேர்ந்தேன்? மாசி மாதம் ஒரு கல்யாணக் காட்சி எடுக்க வேண்டும். அதற்கும் நான்தான் லாக் ஷீட்டாம்.

அறுபதாயிரத்துக்குள் நல்ல கேமரா எது? அம்மாவின் சங்கிலியை அடகு வைத்து வாங்கித் தருவதாக அப்பா சொல்கிறார். சினிமாவுக்கும் டிவிக்கும் வேறுபாடு என்று வகுப்பில் பதினான்கு பாயின்ட் எழுதிப்போட்டார்கள், அதெல்லாம் தேவையா? டிகிரி முடித்துவிட்டு புனே திரைப்பட இன்ஸ்டிட்யூட்டுக்கு முயற்சி செய்வதா, இல்லை இப்போதே படிப்பை விட்டுவிட்டுச் சென்னை வந்து அசிஸ்டென்டாகச் சேர்ந்துவிடுவதா? உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

எம்.

அன்புள்ள எம்.,

எந்தக் கேமரா வாங்கலாம் என்று கேட்டு வரும் கடிதங்களுக்கு நான் பொதுவாகப் பதில் எழுதுவதில்லை. உங்கள் கடிதம் வந்த நேரம் அப்படி. முந்தைய நாள்தான் சாலிகிராமத்தில் எடிட்டிங் அறை வைத்திருக்கும் நண்பரோடு நான்கு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்திருந்தேன். ஓர் இளைஞர் தன் முதல் படத்தை ஹார்ட் டிஸ்க்கில் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். திறந்தால் சி0001, சி0002 என்று கேமரா தானாக வைத்த பெயர்களோடு ஆயிரத்துச் சொச்சம் துண்டுகள். எது எந்தக் காட்சி, எந்த டேக் இயக்குநருக்குப் பிடித்தது, எந்தப் படத்துக்கு எந்த ஒலி, ஒரு குறிப்பும் கிடையாது. லாக் ஷீட் எங்கே என்று நண்பர் கேட்டதற்கு, "எல்லாம் என் மண்டைல இருக்கு சார்" என்றாராம். மண்டையையும் ஹார்ட் டிஸ்க்கோடு சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். நண்பர் ஒன்பது நாளாக ஒரு ஷாட்டைக்கூட வெட்டவில்லை. பார்த்துப் பார்த்துப் பெயர் வைத்துக்கொண்டிருக்கிறார். அதற்கும் சேர்த்துச் சம்பளம் கேட்கலாமா என்பது அவருடைய கவலை.

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். பதினான்கு பாயின்ட்களைத் தேர்வில் எழுதிவிட்டு மறந்துவிடுங்கள். ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொள்ளலாம். சினிமாவுக்கு நொடிக்கு 24 பிரேம், நம் ஊர்த் தொலைக்காட்சிக்கு 25. ஏன் 25? நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதில் பாதி. உங்கள் குறும்படத்தில் டியூப் லைட் வெளிச்சத்தில் எடுத்த இடங்களில் பட்டை பட்டையாக ஏதாவது ஓடியிருந்தால் அதற்கும் இந்த 50தான் காரணம். ஷட்டரை ஐம்பதில் ஒரு நொடிக்கு வையுங்கள், போய்விடும். வகுப்பில் இதைச் சொல்லியிருந்தால் சந்தோஷம்.

படிப்பை விடுவது கூடவே கூடாது. இதில் பேச ஒன்றுமில்லை.

புனேவுக்கு முயற்சி செய்யுங்கள். 1960இல் பழைய பிரபாத் ஸ்டுடியோ வளாகத்தில் தொடங்கிய இடம் அது. மட்டக்களப்புப் பக்கத்திலிருந்து போன பாலு மகேந்திரா ஒளிப்பதிவு படித்தது அங்கேதான். ஆனால் அங்கேயும் யாராவது ஒருவர் கிளாப் அடித்துத்தான் ஆக வேண்டும்.

இப்போது அந்தச் சொல்லுக்கு வருகிறேன். கடிதத்தின் மூன்றாவது வரியில் அப்பா கிளார்க் என்கிறீர்கள். கொஞ்சம் தள்ளி அதே சொல்லை வசவாக எழுதுகிறீர்கள். கை கூசவில்லையா தம்பி? அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போனால், ஏதோ ஒரு மேஜையில் ஒருவர் உட்கார்ந்து மொத்த எடை, கழிவு, நிகர எடை என்று எழுதுவார். அந்த எழுத்தை நம்பித்தான் உங்கள் அம்மா கழுத்தில் கிடப்பதைக் கழற்றிக் கொடுக்கப்போகிறார். ஒரு வருடம் கழித்து மீட்கப் போகும்போது எழுதியவர் மாற்றலாகிப் போயிருப்பார். சீட்டு இருக்கும். சீட்டைக் காட்டினால் சங்கிலி வரும். லாக் ஷீட்டும் ஓர் அடகுச் சீட்டுதான். வெயிலில் நின்று எட்டுப் பேர் உழைத்ததை, முகம் தெரியாத ஒருவர் பிறகு ஒரு குளிர் அறையில் உட்கார்ந்து மீட்டெடுக்க வேண்டும். சீட்டில் தப்பு இருந்தால் அவருக்கு வேறு யாருடைய சங்கிலியோ வரும்.

புனேயிலேயே 1964இல் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்கியது. அதைக் கட்டியெழுப்பிய பி.கே. நாயர், இருட்டு அரங்கில் படம் பார்த்தபடியே நோட்டில் எழுதிக்கொண்டிருப்பார் என்று அவரைப் பார்த்தவர்கள் சொல்வதுண்டு. உங்கள் கணக்குப்படி அவரும் கிளார்க். நம்முடைய முதல் பேசும்படமான காளிதாஸ் 1931இல் வந்தது. இன்று ஒரு பிரதிகூட இல்லை. அன்றைக்குப் பத்திரிகையில் யாரோ எழுதிவைத்த நாலு வரிகளும் விளம்பரங்களும் இருப்பதால்தான் அப்படி ஒரு படம் வந்ததென்றே பேசிக்கொண்டிருக்கிறோம்.

கிளாப் பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாள் அதை அடித்தீர்களே, எதற்கென்று யாராவது சொன்னார்களா? படம் ஒரு கருவியில் பதிகிறது, ஒலி வேறொரு கருவியில். கட்டை மூடும் அந்த ஒரு பிரேமையும், 'டக்' என்ற சத்தத்தையும் எடிட்டிங்கில் சேர்த்துவைத்தால் மீதி எல்லாம் தானாக உதட்டோடு பொருந்திவிடும். தொடக்கத்தில் அடிக்க முடியாமல் போனால் முடிவில் அடிக்கலாம். அப்போது பலகையைத் தலைகீழாகப் பிடிக்க வேண்டும், இது எண்ட் போர்டு என்று பார்க்கிறவருக்குத் தெரிய. ஒலி பதியாத ஷாட் என்றால் கட்டையை அடிக்காமல் நடுவில் விரலை வைத்துக் காட்ட வேண்டும், இல்லாத சத்தத்தை அவர் தேடிக்கொண்டிருக்கக் கூடாது என்பதற்காக. எல்லாமே அந்தக் குளிர் அறைக்காரருக்கு நீங்கள் காட்டும் ஜாடை.

பிலிமில் எடுத்த காலத்தில் இதைச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. 400 அடி ரோல் ஒன்று நாலரை நிமிடம்கூட முழுசாக ஓடாது. ஓடும் ஒவ்வொரு அடிக்கும் தயாரிப்பாளருக்கு வயிறு எரியும். அதனால் கேன் மேல் ஒட்டும் டேப்பில் எழுதும் எழுத்துக்குக்கூட ஒரு பயம் இருந்தது. இப்போது மெமரி கார்டு, அழித்து அழித்து எழுதலாம். பயம் போய்விட்டது. சிக்கனம் போனதுகூடப் பரவாயில்லை, கையெழுத்தும் கூடவே போய்விட்டது.

தொண்ணூறுகளின் நடுவில் நான் ஒரு தொடரில் கன்டினியூட்டி எழுதினேன். எழுத்தாளனாகப் போகிறவன் என்ற திமிர் வேறு. (அதுவரை ஒரு கதைகூட அச்சாகியிருக்கவில்லை.) கன்டினியூட்டி என்றால் என்ன? ஒரு வீட்டில் நுழைவதை இன்றைக்கும், நுழைந்த பிறகு பேசுவதை அடுத்த வாரமும் எடுப்பார்கள். பொட்டு எவ்வளவு பெரிது, சேலைத் தலைப்பு எந்தத் தோளில், காபி டம்ளரில் எவ்வளவு மிச்சம் என்று எழுதிவைக்க வேண்டும். மல்லிகைப்பூதான் எனக்கு எமன். காலை ஏழு மணிக்குத் தலையில் வைக்கும்போது மொட்டு. மதியம் லைட் சூட்டில் பாதி விரிந்திருக்கும். சாயங்காலம் பழுத்துத் தொங்கும். காட்சியிலோ கடந்தது ஐந்து நிமிடம். அதையெல்லாம் எழுதி எழுதி எரிச்சலில் இருந்த சமயம்.

வளசரவாக்கத்தில் ஒரு வாடகை வீடு, சமையலறைக் காட்சி. மகன் இறந்த செய்தியைக் கேட்ட தாய், அடுப்பில் பால் பொங்குவதைப் பார்த்தபடி நிற்கிறாள். வசனம் கிடையாது. நடித்தவர் மேடை நாடகத்திலிருந்து வந்த மூத்த நடிகை, அறுபதைத் தாண்டியவர். பால் பொங்குகிறது. அவர் கை தானாக அடுப்பை அணைக்கப் போகிறது, பாதியில் நிற்கிறது. வழிந்து முடிந்த பிறகு முந்தானையை எடுத்து அடுப்பு மேடையைத் துடைக்க ஆரம்பிக்கிறார். துடைத்துக்கொண்டே இருக்கிறார். கட் சொல்ல டைரக்டருக்குத் தோன்றவில்லை. பரண்மேல் உட்கார்ந்து லைட் பிடித்த அண்ணன் ஒருவர் இறங்கிவந்து, யாரிடமும் பேசாமல் வெளியே போய் பீடி பற்றவைத்தார்.

நானும் பின்னாலேயே போய்விட்டேன், என்ன மாதிரி நடிப்பு அண்ணே என்று பேச. உள்ளே என் வேலை அப்படியே கிடந்தது. அப்போது பீட்டாகேம் என்ற வீடியோ கேசட். கேமராவில் போடுகிற சின்னது அரை மணி நேரம் ஓடும். பதிந்து முடிந்ததும் அதிலுள்ள சிவப்புப் பொத்தானை உள்ளே அழுத்திவிட வேண்டும். அழுத்திவிட்டால் அதன்மேல் மறுபடி பதியாது. அப்புறம் லேபிளில் எண், தேதி, காட்சி. இரண்டையும் நான் செய்யவில்லை. மறுநாள் காலை கேமரா உதவியாளர் பெட்டியில் லேபிள் இல்லாமல் கிடந்த கேசட்டைப் புதுசு என்று எடுத்துப் போட்டார். நாலு நாள் கழித்து எடிட்டிங்கில்தான் தெரிந்தது. அந்தத் தாய் நின்ற இடத்தில் ஒரு வெள்ளை அம்பாசிடர் கேட்டுக்குள் வருகிறது. பின்னோக்கிப் போகிறது. மறுபடி வருகிறது. மூன்று டேக்.

திரும்ப எடுத்தார்கள். அந்த அம்மாவிடம் 'டெக்னிகல் ப்ராப்ளம்' என்று மட்டும் சொன்னார்கள். அவருக்கு விஷயம் தெரிந்திருந்தது, செட்டில் எதுவும் ரகசியம் கிடையாது. இரண்டாம் தடவையும் நன்றாகத்தான் செய்தார். ஒளிபரப்பானபோது பாராட்டினார்கள். ஆனால் அந்தக் கை பாதியில் நிற்கவில்லை. நேராகப் போய் அடுப்பை அணைத்துவிட்டது. மேக்கப்பைக் கலைத்துவிட்டுக் கிளம்பும்போது என்னிடம் வந்தார். "எழுதிட்டியா தம்பி?" எழுதினேன். பக்கத்தில் நின்று பார்த்தார். "அந்த பட்டனு?" அழுத்தினேன். அதன் பிறகுதான் காரில் ஏறினார். எனக்கு ஒரு வாரம் பேட்டா பிடித்தார்கள், அது பெரிதாக வலிக்கவில்லை.

அவர் இப்போது இல்லை. அந்த முதல் டேக்கைப் பார்த்தவர்கள் ஓர் இருபது பேர் இருப்போம்.

2009இல் ஒரு செய்தி படித்தேன். 1969இல் நிலவில் மனிதன் இறங்கியதை நேரடியாகப் பெற்றுப் பதிந்த மூல நாடாக்களை நாசா சில வருடங்களாகத் தேடியிருக்கிறது. கடைசியில், அவை அழிக்கப்பட்டு வேறு பதிவுகளுக்குப் பயன்படுத்தப்பட்டிருக்க வேண்டும் என்று அறிவித்தார்கள். நாம் பார்ப்பதெல்லாம் அன்றைக்குத் தொலைக்காட்சிக்காக மாற்றி அனுப்பிய, தரம் குறைந்த படங்கள். அன்று எனக்கு வந்தது அற்ப சந்தோஷம் என்று ஒப்புக்கொள்கிறேன். சிவப்புப் பொத்தானை மறந்தவன் நான் ஒருவன் மட்டும் இல்லை.

உங்கள் காலத்தில் அந்தப் பொத்தானுக்குப் பெயர் ஃபார்மேட், கார்டில் இருப்பதையெல்லாம் அழித்துவிடுவது. கார்டை இரண்டு இடத்தில் நகலெடுத்து, நகலைத் திறந்து ஓட்டிப் பார்த்து, ஷீட்டில் எழுதி, அதன் பிறகு மட்டும் அதைத் தொடுங்கள். சாப்பாட்டு இடைவேளையில் அவசரமாகச் செய்யாதீர்கள். "சும்மா அழிடா, எல்லாம் ஏத்தியாச்சு" என்று யாராவது சொன்னால், அது டைரக்டராகவே இருந்தாலும், காட்டச் சொல்லுங்கள்.

கேமரா கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். கல்லூரிக் கேமரா போதும். சங்கிலி அம்மாவிடமே இருக்கட்டும். உங்கள் லாக் ஷீட்டில் ஒரு பக்கத்தைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள், எழுத்து எப்படி என்று பார்க்கிறேன்.

மாசியில் கல்யாணக் காட்சி என்றீர்களே, நிஜ மல்லிகைப்பூ வேண்டாம் என்று உங்கள் டைரக்டரிடம் சொல்லிப் பாருங்கள். பனிக்காலம், விலையும் கையைக் கடிக்கும். அவர் கேட்க மாட்டார். அப்படியானால் ஒவ்வொரு ஷாட்டுக்கும் எழுதிவையுங்கள். மொட்டா, விரிந்ததா, எத்தனை சுற்று, எந்தப் பக்கம் தொங்குகிறது.