அபே ரோடின் பின்பாதி அறுந்து அறுந்து கேட்கிறதா?

பீட்டில்ஸ் ராக் குழுவின் ‘அபே ரோடு’ (1969) ஆல்பத்தில் முன்பாதி பிரமாதம், பின்பாதிப் பாட்டெல்லாம் தொடங்கியதுமே அறுந்துபோகிறது, கடைசிப் பாட்டு 23 நொடிதான், கோப்பில் கோளாறா என்று கேட்டிருக்கிறீர்கள். கோப்பு சரியாகத்தான் இருக்கிறது. முதலில், பாட்டுகளை வரிசை கலைத்துப் போடும் ஷஃபிளை அணையுங்கள். அப்புறம் செயலியில், ஒரு பாட்டின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தோடு கலக்கும் கிராஸ்ஃபேடைப் பூஜ்யமாக்கி, பாட்டுகளுக்கு நடுவே இடைவெளி விடாத கேப்லெஸ் வசதி இருந்தால் போட்டுவிடுங்கள்.

‘யூ நெவர் கிவ் மீ யுவர் மனி’ முதல் ‘தி எண்ட்’ வரை எட்டும் சேர்ந்து சுமார் 16 நிமிட ஒரே கோர்வை. ‘கேரி தட் வெயிட்’ நடுவில் பித்தளை வாத்தியங்கள் எழும்போது காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்: கோர்வையின் முதல் மெட்டு அங்கே திரும்பி வரும். ஷஃபிளில் அது வெறும் சத்தம், வரிசையில் கேட்டால் சிலிர்க்கும். ‘தி எண்ட்’டில் குழுவின் டிரம்மர் ரிங்கோ தனியாக வாசிக்கும் டிரம் சோலோ முடிந்ததும் குழுவின் மற்றவர்களான பால், ஜார்ஜ், ஜான் மூவரும் அதே வரிசையில் மாறி மாறி கிட்டார் வாசிக்கிறார்கள். ஜானுடைய முறை வரும்போது ஒலி கரகரத்துத் தடிக்கும், சட்டென்று பிடிபட்டுவிடும். ராக் இசையில் எனக்கு இதைவிடப் பிடித்த ஒரு நிமிடம் கிடையாது.

அந்த 23 நொடி ‘ஹர் மெஜஸ்டி’ முதலில் ‘மீன் மிஸ்டர் மஸ்டர்டு’க்கும் ‘பாலிதீன் பாம்’முக்கும் நடுவில் இருந்தது. பால் வேண்டாமென்றதும் வெட்டி, நாடாவின் கடைசியில் ஒட்டிவைத்தார்கள். அதனால்தான் ‘மீன் மிஸ்டர் மஸ்டர்டு’ பாட்டின் கடைசி அடியோடு திடுமென ஆரம்பித்து, தன் கடைசி ஸ்வரம் இல்லாமல் நிற்கிறது. 2019 ஆண்டுவிழாப் பதிப்பில் ‘தி லாங் ஒன்’ என்ற தடத்தில் அது பழைய இடத்திலேயே இருக்கிறது. ஆல்பத்தை ஒருமுறை முழுதாகக் கேட்டபிறகு அதைப் போடுங்கள்.