தையல் சொல்லிக் கொடுத்தால் வாடிக்கை போய்விடுமா? – ஒரு கடிதம்

அன்புள்ள அக்கா,

உங்கள் தளத்தில் தையல் பற்றி நீங்கள் எழுதுவதை ஒன்றுவிடாமல் வாசிப்பேன். நான் சிங்கப்பூரில் ஈசூனில் நாலறை வீட்டில் இருக்கிறேன், பிஆர் (நிரந்தரவாசி). ஐந்தாறு வருடமாக வீட்டிலேயே பிளவுஸ், சுடிதார் தைக்கிறேன். லைனிங் வைத்த பிளவுஸுக்கு 25 வெள்ளி வாங்குகிறேன், வெட்டுவதிலிருந்து ஹூக் வைப்பது வரை மூன்று மணி நேரம் ஆகிவிடுகிறது. எங்கள் புளோக்கில் நான்கைந்து பேர் தையல் கற்றுக்கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கற்றுக் கொடுத்தால் எனக்கு வருகிற ஆர்டர் குறைந்துவிடுமோ என்று பயம். எவ்வளவு வாங்குவது, எதிலிருந்து ஆரம்பிப்பது என்றும் தெரியவில்லை. வீட்டில் வைத்து நடத்தலாமா? நல்ல பெரிய மெஷினாக ஒன்று வாங்கிவிடட்டுமா? என் நாத்தனாரும் வருகிறேன் என்கிறார், காசு தரமாட்டார் என்பது எனக்கே தெரியும். என் பெயர் போட வேண்டாம்.

ஒரு வாசகி, ஈசூன்

அன்புள்ள தங்கைக்கு,

வாடிக்கை குறையாது. சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடிதம் முழுக்க இந்தப் பயம்தான் ஓடுகிறது. என்னிடம் கற்றுக்கொண்டவர்களில் பெரும்பாலோர் தலையணை உறை, குர்தியின் கீழ்மடிப்பு, பிள்ளையின் பாவாடை என்ற அளவில் நின்றுவிட்டார்கள். பிளவுஸ் வரை வந்தவர்களும் காட்டனில் ஒன்றிரண்டு தைத்துப் பார்ப்பார்கள், கல்யாணத்துக்குப் பட்டு எடுத்தால் துணியைத் தூக்கிக்கொண்டு என்னிடம்தான் வருவார்கள். ஆனால் பேரம் பேசுவதை விட்டுவிட்டார்கள். லைனிங்கோடு சேர்த்து ஒரு கை ஏற்றி முடிப்பதற்குள் கழுத்து எப்படிப் பிடித்துக்கொள்ளும் என்று அவர்களுக்கே தெரிந்துவிட்டதல்லவா.

நீங்கள் பயப்பட வேண்டியது அந்த 25 வெள்ளியைப் பார்த்து. லைனிங் துணி, நூல், ஹூக் எல்லாம் சேர்த்து 4 வெள்ளி என்று வையுங்கள், மீதி 21. மூன்று மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 7 வெள்ளி. இதில் அளவெடுத்த நேரம், 'கழுத்து இன்னும் கொஞ்சம் இறக்கலாமா' என்று வாட்ஸ்அப்பில் வந்த பதினைந்து படங்களுக்குப் பதில் சொன்ன நேரம், எம்ஆர்டி ரயில் நிலைய வாசலில் பையோடு காத்து நின்ற நேரம் எதுவும் சேரவில்லை. வகுப்பு என்றால் மூன்று பேர், இரண்டு மணி நேரம், தலைக்கு 20 வெள்ளி. மொத்தம் 60. முன்னால் பின்னால் ஏற்பாட்டுக்கு ஒரு மணி நேரம் போனாலும் மணிக்கு 20 நிற்கிறது. இரண்டையும் ஒரே டப்பாவில் போடாமல் தனித்தனியாக எழுதி வையுங்கள். இரண்டு மாதம் எழுதினாலே தையல் கூலியை ஏற்றும் தைரியம் தானாக வந்துவிடும்.

மூன்று பேர் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் சின்ன அளவில் தொழில் செய்வதற்கான திட்டத்தில் தையலும் உண்டு, அதற்கென்று தனி அனுமதி வாங்கத் தேவையில்லை. ஆனால் நிபந்தனைகள் உண்டு. அந்த வீட்டில் வசிக்காத ஆளை வேலைக்கு வைக்கக்கூடாது, வாசலில் பெயர்ப்பலகை மாட்டக்கூடாது, அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு இருக்கக்கூடாது, வீட்டு உபயோகத்துக்கு அல்லாத கனமான இயந்திரம் வைக்கக்கூடாது. டியூஷனுக்கு ஒரே நேரத்தில் மூன்று பிள்ளைகள்தான் என்கிறார்கள், நீங்களும் அதே மூன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். நான்காவது ஆள் உட்கார்ந்தால் எப்படியும் யாராவது ஒருத்தர் நூல் சிக்கிக்கொண்டு உங்களுக்காகக் காத்துக்கொண்டேதான் இருப்பார். அதற்கு மேல் கூட்டம் வந்தால் பக்கத்து சமூக மன்றத்தில் பயிற்றுநராக எடுப்பார்களா என்று விசாரியுங்கள். 'ஸ்கில்ஸ்ஃபியூச்சர் காசில் கட்டலாமா' என்று கட்டாயம் ஒருவர் கேட்பார். திறன் வளர்க்க அரசாங்கம் தருகிற அந்தத் தொகை அங்கீகாரம் பெற்ற பாடங்களுக்கு மட்டும்தான், உங்கள் வீட்டு வகுப்புக்குச் செல்லாது. அடையாள அட்டையில் இருக்கிற முழுப்பெயரிலேயே தொழில் செய்தால், தொழில்களைப் பதிவு செய்கிற அக்ராவில் பதியத் தேவையில்லை, அழகாக ஒரு கடைப்பெயர் வைத்தால் பதிய வேண்டும். (நீங்கள் பிஆர், பிரச்சினை இல்லை. இதை வாசிக்கிறவர்களில், குடும்பத்தாரின் வேலை அனுமதியை ஒட்டி டிபெண்டன்ட் பாஸில் இருப்பவர்கள் அவசரப்பட வேண்டாம். 2021 மே முதல் வேலை பார்க்க அவர்களுக்குத் தனியாக வேலை அனுமதி வேண்டும், மனிதவள அமைச்சின் பக்கத்தைப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.)

மெஷின் கேள்விக்கும் இதிலேயே பதில் வந்துவிட்டது. தொழிற்சாலை ஜூக்கி மெஷின் மேல் ஆசை எனக்கும் உண்டு, வீட்டில் வேண்டாம். நல்ல வீட்டு மெஷின் ஒன்று, துணி ஓரம் அடிக்கிற சின்ன ஓவர்லாக் ஒன்று, இரண்டுக்கும் அடியில் தடித்த ரப்பர் விரிப்பு. கீழ்வீட்டுக்காரர் ராத்திரி ஷிப்ட் பார்க்கிறவர் என்றால் வகுப்பைக் காலையில் வைக்காதீர்கள்.

அடுத்து, எதிலிருந்து ஆரம்பிப்பது. எல்லோரும் ஃபார்முலாவில் ஆரம்பிக்கிறார்கள். மார்பளவை நாலால் வகு, ஒன்றரை கூட்டு, கோடு போடு. யூடியூப் முழுக்க இதுதான். ஃபார்முலா தப்பில்லை, ஆனால் 36 அளவு என்று வருகிற இரண்டு பெண்களை அடுத்தடுத்து நிற்க வைத்துப் பாருங்கள். ஒருத்திக்கு முதுகு அகலம், முன்பக்கம் தட்டை. இன்னொருத்திக்கு முதுகு ஒடுக்கம், அளவெல்லாம் முன்னால். டேப்பைச் சுற்றிப் பிடித்தால் இரண்டு பேருக்கும் 36தான், வெட்டுகிற துணி இரண்டு பேருக்கும் ஒன்றாகவா இருக்கும்? டேப்பை ஒரு பக்கத் தையலிலிருந்து மறுபக்கத் தையல் வரை முன்னால் ஒருமுறை, பின்னால் ஒருமுறை தனித்தனியாகப் பிடிக்கச் சொல்லிக் கொடுங்கள். தோளையும் இரண்டு பக்கமும் பார்க்கச் சொல்லுங்கள். ஆபீஸ் பையை எப்போதும் ஒரே தோளில் மாட்டுகிறவர்கள் நிறையப் பேருக்கு ஒரு தோள் இறங்கியிருக்கும். கழுத்து ஒரு பக்கம் மட்டும் தூக்கிக்கொண்டு நிற்பதற்கு டெய்லரைத் திட்டுவார்கள்.

என்னைக் கேட்டால் வெட்டுவதற்கு முன்னால் தையலைப் பிரிக்கச் சொல்லிக் கொடுக்க வேண்டும். முதல் இரண்டு மூன்று வகுப்புக்கு அவரவர் பீரோவில் இருக்கிற சரியில்லாத பிளவுஸைக் கொண்டுவரச் சொல்லுங்கள். இந்த ஊரில் அதற்குப் பஞ்சமே இல்லை. லீவுக்குப் போன இடத்தில் சென்னையிலோ மதுரையிலோ அவசரமாகத் தைத்து, போட்டுப் பார்க்க நேரமில்லாமல் பெட்டியில் வைத்து எடுத்து வந்தது ஆளுக்கு நாலு இருக்கும். பெரும்பாலும் வருகிற குறை ஒன்றுதான், கையைத் தூக்கினால் பிளவுஸ் மொத்தமும் மேலே ஏறுகிறது. எம்ஆர்டியில் மேல் கம்பியைப் பிடித்தால் இடுப்பு தெரிகிறது என்பார்கள். உடனே எல்லோருக்கும் தோன்றுவது ஆர்ம்ஹோலை (பிளவுஸில் கை பொருத்துகிற வளைவை) இன்னும் ஆழமாக வெட்டலாம் என்பதுதான். வெட்டினால் இன்னும் மோசமாகும். ஆர்ம்ஹோல் அக்குளை விட்டுக் கீழே இறங்க இறங்க, கை தூக்கும்போது பக்கத் தையலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். ஆர்ம்ஹோல் அக்குளுக்கு நெருக்கமாக மேலே இருக்க வேண்டும், பிளவுஸ் கையின் மேல்வளைவு உயரம் குறைந்து, புஜத்தில் அகலம் கூட வேண்டும். இதை வாயால் சொன்னால் யாருக்கும் ஏறாது. பிளவுஸைப் போட்டுக்கொண்டு கையைத் தூக்கச் சொல்லி, துணி எங்கே இழுக்கிறது என்று சுருக்கங்களைப் பார்க்க வைத்து, பிளவுஸின் கையை மட்டும் பிரித்துவிட்டு மறுபடி தூக்கச் சொல்லுங்கள். அவர்களே 'அட' என்பார்கள்.

பிரிக்கும்போது இன்னும் பலதும் தெரியும். நல்ல டெய்லர் பக்கவாட்டில் ஒரு அங்குலமாவது துணி விட்டிருப்பார், அவசரக்காரர் ஓவர்லாக்கில் அதையும் வெட்டித் தள்ளியிருப்பார். மேல்துணி அப்படியே இருக்க லைனிங் மட்டும் சுருங்கி உள்ளே இழுத்துக்கொண்டிருந்தால், காட்டன் லைனிங்கைத் தண்ணீரில் போடாமலே தைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். லைனிங்கை முந்தின நாளே நனைத்துக் காயவைத்து இஸ்திரி போட்டுக் கொண்டுவரச் சொல்வது, அப்புறம் ஒரு சடங்கு மாதிரி தெரியாது, காரணம் தெரிந்தே செய்வார்கள். ஆரி எம்பிராய்டரி வேலை செய்த பிளவுஸ் வந்தால் மட்டும் பழகாத கையில் கொடுக்காதீர்கள். அது சங்கிலித் தையல், வெட்டுகிற இடத்தில் நூலை முடிச்சுப் போடாமல் கத்தரி வைத்தால் இழை உருவிக்கொண்டு மணியெல்லாம் தரையில் உருளும்.

இதில் உங்களுக்கு ஒரு தொழில் லாபமும் இருக்கிறது. ஆல்டரேஷன் கற்றவர்கள் தெரிந்தவர்களுக்கெல்லாம் சின்னச் சின்னதாகச் செய்து கொடுப்பார்கள், தங்களால் முடியாததை உங்களிடம் அனுப்புவார்கள்.

முழுதாகத் தைக்கிற முதல் உருப்படி பாவாடையாக இருக்கட்டும். ஜூலை 21 இன நல்லிணக்க நாளுக்குப் பள்ளிக்கூடத்தில் பாரம்பரிய உடை போடச் சொல்வார்கள், அம்மாக்கள் கடைசி வாரத்தில் தேக்கா கடைகளுக்கு ஓடுவார்கள். ஜூன் விடுமுறையில் வகுப்பை முடித்தால் ஆளுக்கொரு பாவாடை சட்டை தயாராகிவிடும். நேர்த்தையல், சுருக்கம், இடுப்பு எலாஸ்டிக், எல்லாம் அதிலேயே வந்துவிடும். வளர்கிற பிள்ளை, கீழே இரண்டு டக்கு (மடித்துப் போடும் தையல்) பிடிக்கச் சொல்லுங்கள், அடுத்த வருடம் ஒன்றைப் பிரித்துவிடலாம். துணி அராப் ஸ்ட்ரீட்டிலோ சைனாடவுன் பீப்பிள்ஸ் பார்க்கிலோ எடுக்கட்டும். பழகும்போது பட்டு வேண்டாம், வழுக்கும் துணி எதுவும் வேண்டாம். தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதம் வகுப்பே வைக்காதீர்கள், உங்களுக்கு மூச்சு விட நேரம் இருக்காது.

மாணவிகளில் ஒருத்தர் நன்றாக வந்து, நாளைக்குத் தானே ஆர்டர் எடுக்க ஆரம்பித்தால்? எடுக்கட்டும். தீபாவளி நெருக்கத்தில் நீங்கள் 'முடியாது' என்று திருப்பி அனுப்புகிறவர்கள் எங்கே போகிறார்கள்? அவரிடம் அனுப்புங்கள், அவர் தன் வீட்டில் தைத்துத் தன் பொறுப்பில் கொடுப்பார். உங்கள் வீட்டில் உட்கார வைத்துத் தைக்க வைத்தால் அது வேறு கதை, அதற்குத்தான் இங்கே அனுமதி இல்லை என்று மேலே சொன்னேன்.

ஒன்றை மட்டும் கறாராகச் சொல்கிறேன். வாடிக்கையாளர் துணியில் மாணவியின் கை படக்கூடாது. படிக்க வந்தவர்களிடம் கட்டணமும் வாங்கிக்கொண்டு, 'பிராக்டிஸ்' என்று சொல்லித் தன் ஆர்டருக்கு ஹூக் வைக்கவும் ஹெம்மிங் பண்ணவும் விடுகிற வகுப்புகளை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு அது சுத்தமாகப் பிடிக்காது. படிக்கிறவருக்கு ஹூக் வைப்பதைத் தவிர எதுவும் வராது, துணி கொடுத்தவருக்கோ யார் தைத்தது என்றே தெரியாது.

வகுப்பில் கைப்பேசியில் வீடியோ எடுக்கக் கேட்டால் விடுங்கள். வீடியோ பார்த்தே எல்லோரும் கற்றுக்கொள்வதாக இருந்தால் யாரும் உங்கள் வீடு தேடி வர மாட்டார்கள்.

நாத்தனார் விஷயம். காசு கேட்காதீர்கள், கேட்டால் அது குடும்பத்தில் வேறு எங்கெங்கோ போய் முடியும். ஆனால் தனி வகுப்பும் வேண்டாம். அந்த மூன்று இடத்தில் ஒன்றைக் கொடுங்கள், துணி, நூல், கத்தரி எல்லாம் அவருடையது, நேரத்துக்கு வர வேண்டும், வராவிட்டால் அந்தப் பாடம் போனதுதான். வருடா வருடம் தீபாவளிக்கு இலவசமாகத் தைத்துக் கொடுக்கிறீர்கள் என்றுதான் நினைக்கிறேன், எழுதாவிட்டாலும் தெரிகிறது. இந்தத் தீபாவளிக்கு அவர் பிளவுஸை அவரே தைக்கட்டும், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கை மட்டும் ஏற்றிக் கொடுங்கள்.

அன்புடன்,
அக்கா