டி.டி.எஸ். 280 என்றால் ஆற்று நீர் நல்ல நீரா?

கேள்வி: நெய்வேலிச் சுரங்கத்தைத் தாண்டி வரும் பரவனாற்றின் கரையில் எங்கள் நிலம். கரையோரக் கிணற்று நீரைக் குடிக்கிறோம். ஆற்று நீரை நெல்லுக்குப் பாய்ச்சுகிறோம். ஆர்.ஓ. நீர்ச் சுத்திகரிப்பு இயந்திரம் விற்க வந்தவர், நீரில் கரைந்த மொத்த உப்பை (டி.டி.எஸ்.) காட்டும் பேனா மீட்டரில் ஆற்று நீரைப் பார்த்து, “டி.டி.எஸ். 280, வயலுக்குப் பயமில்லை” என்றார். பிறகு கிணற்று நீரிலும் ஆர்.ஓ. நீரிலும் கம்பிகளை விட்டு மின்சாரம் பாய்ச்சினார், கிணற்று நீர் மட்டும் பழுப்பாகிவிட்டது. என்ன செய்வது?

பதில்: முதலில் அந்தப் பழுப்பு நிறத்துக்காகப் பயப்படாதீர்கள். கரைந்தது அவருடைய இரும்புக் கம்பிதான். ஆர்.ஓ. நீரில் உப்பு மிகக் குறைவு என்பதால் மின்சாரம் சரியாகப் பாயாமல் அது தெளிவாக நிற்கிறது. அதிலும் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு மறுபடி செய்யச் சொல்லுங்கள், அதுவும் பழுப்பாகும். இந்த வித்தையைக் காட்டிக் கடன் வாங்க வைத்து இயந்திரம் விற்பதை ஊர் ஊராகப் பார்த்து எனக்கு மனம் கசந்துவிட்டது.

பேனா மீட்டர் மொத்த உப்பைத் தோராயமாகக் காட்டுமே தவிர, என்ன கரைந்திருக்கிறது என்று சொல்லாது. இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500, மொத்த உப்பை லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கிறது. பாதரசத்துக்கோ வரம்பு 0.001, ஈயத்துக்கும் ஆர்சனிக்குக்கும் 0.01. பாதரசம் வரம்பைப்போலப் பத்து மடங்கு இருந்தாலும் உங்கள் 280 என்ற எண் 281 ஆகாது.

ஆகவே கிணற்று நீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுங்கள். கிருமிப் பரிசோதனையும் உலோகப் பரிசோதனையும் வேண்டும் என்று எழுதியே கேளுங்கள். முடிவு வரும்வரை ஊராட்சிக் குழாய் நீரைக் காய்ச்சிக் குடியுங்கள். கிணற்று நீரைக் காய்ச்சினால் கிருமி சாகும், உலோகம் போகாது.

மாதிரியை நீங்களே எடுங்கள். குளிர்பானப் பாட்டிலில் பிடித்துப்போய் “சான்றிதழ்” வாங்கித் தருகிறேன் என்று வரும் தரகரிடம் விடாதீர்கள். உலோகத்துக்கு அமிலம் சேர்த்த பாட்டிலையும் கிருமிக்குத் தூய்மைப்படுத்திய பாட்டிலையும் ஆய்வகத்திலேயே கேட்டு வாங்குங்கள். அறிக்கையில் பாதரசம் “கண்டறியப்படவில்லை” என்றிருந்தால், எந்த அளவுவரை கண்டறிய முடியும் என்று கேளுங்கள், 0.01-க்குக் கீழே பார்க்க முடியாத கருவி 0.001 வரம்பைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

வயலுக்கு வேறு கணக்கு. மின்கடத்துதிறன் 1500 மைக்ரோசீமன்ஸுக்குக் கீழும், சோடியம் விகிதம் (அறிக்கையில் எஸ்.ஏ.ஆர்.) 10-க்குக் கீழும், எஞ்சிய கார்பனேட் (ஆர்.எஸ்.சி.) 1.5-க்குக் கீழும் இருந்தால் பாய்ச்சலாம். உப்பு குறைவாக இருந்து கடைசி இரண்டும் கூடினால் மண் இறுகிவிடும். இதை மீட்டர் காட்டாது.

எந்த நாள் நீரை எடுக்கிறீர்கள் என்பதை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிக்கு அடியிலுள்ள அழுத்த நிலத்தடி நீரையும் பம்பு செய்து வெளியேற்றுகிறார்கள், குழியில் தேங்கிய மழைநீரையும் வெளியேற்றுகிறார்கள். முன்னது பெரும்பாலும் தெளிவானது, பின்னது வெட்டிய மண்ணையும் கரித்தூளையும் சுமந்து வருவது. முன்னது மட்டும் ஓடும் நாளில் எடுத்த மாதிரி ஆற்றுக்கே நற்சான்று கொடுத்துவிடும். கோடையில் ஒருமுறை, முதல் பெருமழைக்குப் பின் ஒருமுறை, வெளியேற்றம் ஆற்றில் கலக்கும் இடத்துக்கு மேலும் கீழும் எடுங்கள்.

ஒரு விவசாயியுடன் நானே ஓர் அலுவலகத்துக்குப் போனபோது, “இது குடிநீரா, பாசன நீரா?” என்று கேட்டு அடுத்த அலுவலகத்துக்கு அனுப்பினார்கள், அங்கேயோ கன உலோகம் தங்கள் பட்டியலில் இல்லை என்றார்கள். குடிப்பவரும் பயிரிடுபவரும் ஒரே ஆள் என்பது எந்தப் படிவத்திலும் இல்லை. அதனால் உங்கள் ஆற்றில் ஏற்கெனவே எடுத்த பரிசோதனை முடிவுகளை, எடுத்த தேதியும் இடமும் சேர்த்து, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இன்றே கேட்டுவிடுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.