அறுந்த செருப்பை இன்னும் தூக்கி எறிய முடியவில்லை

மதிப்புக்குரிய அம்மாவுக்கு,

எனக்கு 44 வயது. ஊர் திருநெல்வேலிப் பக்கம். கல்யாணமாகி பம்பாய் வந்து 22 வருஷமாகிறது. செம்பூர் திலக் நகரில் இருக்கிறோம். வீட்டில் இட்லி மாவு அரைத்து, ஸ்கூட்டியில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

2024 மே 13, திங்கட்கிழமை. திங்கள்தோறும் சாயந்திரம் நாலரை வாக்கில் சேடா நகர் பெட்ரோல் பங்க்கில் பெட்ரோல் போட்டுக்கொண்டுதான் மற்ற வேலை. அன்று கட்டிட கேட்டைத் தாண்டும்போதே வலது செருப்பின் வார் அறுந்துவிட்டது. முனையில் உட்காரும் மோச்சியிடம் கொடுத்தேன். மெழுகு தேய்த்த நூலால் நாலு தையல் போட்டார். போதாது என்று ஒரு சின்ன ஆணியும் தேடினார். "ஜல்தி கரோ பையா" என்று அவசரப்படுத்தினேன். அதற்குள் வானம் செம்மண் நிறமாகி, புழுதிக்காற்று சுழற்றி அடித்தது. அவர் தலைக்கு மேலிருந்த நீலத் தார்ப்பாய் பறக்கப் பார்த்தது. ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டேன். மழையும் கொட்ட, வீட்டுக்கே திரும்பிவிட்டேன். அப்புறம் டிவியில் பார்த்தால், அதே பங்க்கின் மேல் ஒரு ராட்சத விளம்பர ஹோர்டிங் சாய்ந்து கிடக்கிறது. 17 உயிர் போனது.

"சேடா நகர் முருகன்தான் வாரை அறுத்தான்" என்கிறார் என் மாமியார். அந்தக் கோயிலின் 108 படியை எத்தனை தடவை ஏறியிருக்கிறேன்! ஆனால் அம்மா, கோயில் இருக்கும் அதே சேடா நகரில்தானே அவர்களும் நின்றார்கள்? அவர்கள் செருப்பை ஏன் அறுக்கவில்லை? என் இடத்தில் வேறு யாரோ போய் நின்றுவிட்டார்களோ?

அன்றிலிருந்து எங்கே கிளம்பினாலும் வாசல் வரை போய்த் திரும்பி வந்து, உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போகிறேன். ஏதாவது தடங்கல் வந்தால்தான் நிம்மதி. தடங்கலே இல்லாத நாளில் நெஞ்சு படபடக்கிறது. கல்லூரிக்குப் போகும் மகளையும் "இந்த ட்ரெயின் வேண்டாம், அடுத்ததில் போ" என்று நிறுத்துகிறேன். போன மாதம் அவள் பரீட்சைக்கு அரை மணி நேரம் தாமதமாகப் போனாள். இப்போது என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. "தப்பிச்சதுக்கு சந்தோஷப்படு" என்கிறார் கணவர். அந்தச் செருப்பு பேப்பரில் சுற்றிப் பரணில் இருக்கிறது. போடவும் முடியவில்லை, எறியவும் முடியவில்லை. நான் என்ன செய்ய வேண்டும்?

— ஒரு வாசகி, செம்பூர், மும்பை

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் உலுக்கியது "அவர்கள் செருப்பை ஏன் அறுக்கவில்லை" என்ற வரிதான். இரண்டு வருஷமாக இதைத் தனியாகச் சுமந்திருக்கிறீர்கள். சந்தோஷப்படு என்று சொன்னால் இறங்கிவிடுகிற பாரமா இது?

1982-ல் டேனியல் கானமன், ஏமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு கேள்வி கேட்டார்கள். ஒரே வண்டியில் வந்த இருவர் ட்ராஃபிக்கில் சிக்கி, அரை மணி நேரம் தாமதமாக விமான நிலையம் சேர்கிறார்கள். ஒருவருடைய விமானம் சரியான நேரத்துக்கே போய்விட்டது. மற்றவருடையது தாமதமாகி, ஐந்து நிமிஷம் முன்னால்தான் கிளம்பியது. யாருக்கு மனசு அதிகம் அடித்துக்கொள்ளும்? இரண்டாமவருக்குத்தான் என்றார்கள் ஏறக்குறைய எல்லோரும். நஷ்டம் இருவருக்கும் ஒன்றுதான். ஆனால் நூலிழையில் தவறியதை மனம் விடாது, திரும்பத் திரும்பப் படமாக ஓட்டும். மயிரிழையில் தப்பியதற்கும் இதே கதிதான்.

உங்கள் படத்தில் வார் அறுபடாவிட்டால் நீங்கள் நேராகப் போய் அந்த ஹோர்டிங்கின் கீழே நிற்கிறீர்கள். வேறு எதுவுமே அதில் நடப்பதில்லை. சிக்னலில் நின்றிருக்கலாம். பெட்ரோல் போட்டுக்கொண்டு அதற்கு முன்பே போயிருக்கலாம். வானத்தைப் பார்த்துப் பாதி வழியில் திரும்பியிருக்கலாம். அதெல்லாம் ஓடாது, பயத்துக்கு ஒரு படமே போதும்.

இன்னொன்று. இந்த 22 வருஷத்தில் எத்தனை செருப்பு அறுந்திருக்கும், எத்தனை ட்ரெயினைத் தவறவிட்டிருப்பீர்கள்? ஒன்றாவது நினைவிருக்கிறதா? அந்தத் திங்கட்கிழமை அறுந்ததுக்கு அர்த்தம் வந்ததே டிவி பார்த்த பிறகுதான். மோச்சியின் முன்னால் நின்றபோது அது வெறும் தொந்தரவு. நீங்களே அவசரப்படுத்தியிருக்கிறீர்கள்! அறுகிற நேரத்தில் எதையும் சொல்லாத வாரை, இனிமேல் முன்கூட்டியே சொல்லும் என்று எப்படி நம்பிக் காத்திருப்பது?

மாமியாரின் நம்பிக்கையோடு எனக்குச் சண்டை இல்லை. முருகனுக்கு நன்றி சொல்லுங்கள். ஆனால் நன்றி வேறு, கடன் வேறு. உங்கள் இடம் என்று அங்கே ஒன்று காலியாக இருக்கவில்லை; ஒருவர் குறைந்தால் இன்னொருவர் வந்து நிரப்ப வேண்டும் என்ற கணக்கும் இல்லை. ஹோர்டிங்குக்கு மாநகராட்சி அனுமதிக்கும் அளவு 40-க்கு 40 அடி. விழுந்தது 120-க்கு 120 அடி. அந்த 17 பேரைக் கொன்றதற்கான காரணம் அந்த இரும்பில் இருக்கிறது, அதை அங்கே நிற்கவிட்டவர்களிடம் இருக்கிறது. உங்கள் கால் செருப்பில் இல்லை. எனக்கு இதில் கோபமே வருகிறது. குற்றவுணர்வைச் சுமக்க வேண்டியவர்கள் வேறு யாரோ, சுமப்பது நீங்கள்.

வாசல் வரை போய்த் திரும்பி வருவதற்கு வருவோம். ஒவ்வொரு தடவை திரும்பி வந்து தண்ணீர் குடிக்கும்போதும் படபடப்பு கொஞ்சம் அடங்குகிறது, இல்லையா? "இதைச் செய்ததால்தான் பிழைத்தோம்" என்று மனம் எழுதி வைத்துக்கொள்கிறது. அதனால் அடுத்த நாள் இன்னும் கெட்டியாகக் கேட்கிறது. இதை ஒரேயடியாக நிறுத்த வேண்டாம். முதல் வாரம் திரும்பி வாருங்கள், ஆனால் உட்காராதீர்கள். அடுத்த வாரம் தண்ணீரை விடுங்கள். அப்புறம் நேராகப் போய் ஸ்கூட்டியைக் கிளப்புங்கள். நெஞ்சு அடித்துக்கொள்ளும். அடிக்கட்டும், கொஞ்ச நேரத்தில் தானாக இறங்கும். அதை நீங்களே பார்க்க வேண்டும் என்பதற்குத்தான் இவ்வளவும்.

மகள் விஷயத்தில் மட்டும் படிப்படியாக வேண்டாம், நாளைக்கே நிறுத்திவிடுங்கள். இந்தக் கடிதத்தை அவளிடம் படிக்கக் கொடுங்கள். அம்மா ஏன் தடுத்தாள் என்று அவளுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன்.

ராத்திரி கெட்ட கனவு, திடுக்கிடல், தூக்கமின்மை இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். சயான் ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவு உங்களுக்குப் பக்கம்தான். இந்த மாதிரி அதிர்ச்சிக்கு நல்ல சிகிச்சை உண்டு. பேச ஆள் வேண்டுமென்றால் டெலி மானஸ், 14416. அரசின் இலவச எண், தமிழிலும் பேசலாம்.

இறந்தவர்களுக்காக அழ வேண்டும் போலிருந்தால் அழுங்கள். கோயிலில் அவர்களுக்காக ஒரு விளக்கு ஏற்றத் தோன்றினால் ஏற்றுங்கள்.

செருப்புக்கு அவசரமில்லை. ஒரு நாள் பரணிலிருந்து இறக்கி, அதே மோச்சியிடம் கொண்டுபோய் மிச்ச ஆணியையும் அடிக்கச் சொல்லுங்கள். அவருக்கும் அந்தத் தார்ப்பாய் நினைவிருக்கும். என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.